கடல்பாசி டப்பாவில் உன் படம்

தெப்ராவ், ஜொகூர்
ஞாயிறு காலை

அன்பு மகள் ஷர்மினிக்கு அம்மா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், ஜப்பான் குளிரில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்தில் நின்று, பிள்ளையின் வேலைக்கு ஏதாவது ஆகிவிடும், சொல்லாதே என்று கை காட்டுவார், எனக்கும் ஆத்திரத்தில் வார்த்தை வராது. எழுதிப் படம் பிடித்து வாட்சப்பில் அனுப்புகிறேன், முழுதும் படி.

உன் மகேஸ்வரன் மாமா செய்த காரியத்தைக் கேள். பழுப்புக் கடல்பாசியில் இருக்கும் நிறமி உடம்புக் கொழுப்பைக் குறைக்கலாம் என்று ஆராய்ச்சி செய்து நீ பட்டம் வாங்கினாய் அல்லவா, அதற்குப் போன மாதம் நம் பிள்ளையார் கோயிலில் உன் படத்தோடு பேனர் கட்டி, உனக்குப் பதிலாக எனக்கும் அப்பாவுக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். அந்தப் பேனரைப் படம் பிடித்து, எங்கிருந்தோ வாங்கிய கடல்பாசி மாத்திரை டப்பாவில் ஒட்டி விற்கிறான். என் கூடப்பிறந்தவன் என்று சொல்லவே நாக்கு கூசுகிறது. கேட்டால், என்னக்கா, நம்ம பிள்ளை பேருதானே, நாலு பேருக்கு நல்லதுதான லா என்கிறான். வந்த கோபத்துக்கு அவன் கையிலிருந்ததைப் பிடுங்கி வாசல் லோங்காங் சாக்கடைத் தண்ணீரில் கொட்டிவிட்டேன்.

டப்பா போகட்டும், பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளியை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. பதினைந்து வருடமாக அவளுக்கு இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. உடம்பு இளைத்தால் அதுவும் போய்விடும் என்று நினைத்து, கிளினிக் மருந்தை நிறுத்திவிட்டு இதையே விழுங்கியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை மார்க்கெட்டில் மயங்கி விழுந்தவள், மருத்துவமனையில் கிடந்து நேற்றுத்தான் வீடு வந்தாள், வந்ததும் மறுபடியும் அதே டப்பாவைத் திறக்கிறாள். கையைப் பிடித்துக் கெஞ்சினேன். உங்க பிள்ளை கண்டுபிடிச்ச மருந்துன்னு கோயில்லயே எழுதியிருந்தாங்க, அது பொய்யா, ஷர்மினியே சொல்லட்டும் நிறுத்துறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தம்பியைத் திட்டினேன், பேனர் அடித்தவனைத் திட்டினேன், வாயை மூடிக்கொண்டிருந்த அப்பாவையும் விடவில்லை. ஆனால் பேனருக்கு வாசகம் எழுதிக் கொடுத்தது நான்தான். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில்தான் கொழுப்பு குறைந்தது, மனிதருக்கு இன்னும் உறுதியாகத் தெரியாது என்று நீ இரண்டு தடவை சொன்னாய். கோயில் வாசலில் என் பிள்ளை படத்துக்குக் கீழே எலி என்று எழுதினால் நன்றாகவா இருக்கும் என்று அதை எடுத்துவிட்டு, கொழுப்பைக் கரைக்கும் மருந்தைக் கண்டுபிடித்தவர் என்று போட்டேன். உள்ளே பிள்ளையார் காலடியிலேயே ஒன்று உட்கார்ந்திருப்பது அப்போது என் கண்ணில் படவில்லை. யாரைத் திட்டினாலும் கடைசியில் என் மீதே வந்து விழுகிறது.

நீ நோய்நொடியில்லாமல் நல்ல பேரோடு வாழ வேண்டும், எங்கள் ஆசீர்வாதம் என்றும் உன்னோடு இருக்கும். மறந்துவிடாதே, இன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் புஷ்பவள்ளியை வீடியோ காலில் கூப்பிடு, அவள் அந்த மாத்திரை போடும் நேரம் அது. பேனரில் இருந்தது பொய்யா என்று கேட்பாள். பொய்தான், எழுதியது என் அம்மா என்று சொல்லிவிடு.

இப்படிக்கு
அம்மா சந்திரமதி