நீடிலைக் கால் சுற்று மூடு

வியாழன், 12

காலையிலேயே மழை. ஜுருவுக்குப் போகப் பாலத்தில் வண்டிகள் ஜேம். வேலைக்கு லேட்.

வாங்க: பொம்மைக் கார் இன்ஜினுக்கு குளோ பிளக், மீன், பூனைத் தீனி.

மதியம் கேண்டீனில் லதா கேட்டாள். "ரிமோட்டுல ஓட்டுற பொம்மைக் காருதானேக்கா. இன்ஜின் ஃபேக்டரியிலயே நல்லா செஞ்சுதானே வருது. அதைப் பிரிச்சு ஏன் அராவுறீங்க?"

எந்த மடையன் ஓட்டினாலும் கெடக்கூடாதுன்னு ஃபேக்டரி அடக்கி வைச்சு அனுப்புது. புகை போற துளையை ஒரு முடி அளவு அகலமாக்கினா, பிஸ்டன் தண்டை மெல்லிசா அராவினா, அடக்கினது வெளியே வரும். வேகம் கூடும், ஆயுள் குறையும். இதைத்தான் சொன்னேன். சொல்லாதது: பக்கத்தில் ஓட்டுறவன் முகம் தொங்குறதைப் பார்க்கணும். அதுக்குத்தான்.

சனி, 14

நல்ல வெயில். துணி காய்ந்தது.

நாளைக்கு ரேஸில் ராஜனும் ஓட்டுறானாம். புதுப் பொண்டாட்டியோட வர்றானாம். விவாகரத்துக்குப் பிறகு அவனைப் பார்க்கிறது இதான் முதல் தடவை. ஓட்டப்போறது என் இன்ஜின். கல்யாணமான புதுசில் நான் அராவினது. பிரியும்போது சோபாவை என் தலையில் கட்டிட்டு அதைத் தூக்கிட்டுப் போனான். அராவவும் தெரியாது, ட்யூன் பண்ணவும் தெரியாது.

முடி வெட்டிக்கொண்டேன். அவனுக்காக இல்லை.

ஞாயிறு, 15

சிம்பாங் அம்பாட் திடல். சூடு தாங்கலை. அவள் பேர் ஷீலா. ஒல்லி. நல்ல சிரிப்பு. பிடிக்கலை.

முதல் ஓட்டத்தில் அவன் கார் முக்கி முக்கிப் போனது. பின்னால் ஒரே புகை. எண்ணெய் அதிகம் போகுது. கடைசியில் என்கிட்டதான் வந்தான்.

"ரெஜினா, இதுக்கு நீடில் எவ்வளவு வைக்கணும்?"

அதுதான் எண்ணெய் அளவுத் திருகு. ரொம்ப மூடினால் கொஞ்ச நேரம் பறக்கும், பிறகு சூட்டில் உடையும். தெரிஞ்சே சொன்னேன்.

"கால் சுற்று மூடு." முன்னே அவனுக்கு நீங்க. இப்போ நீ.

"அவ்வளவா?"

"பயமா இருந்தா விடு."

மூடினான்.

கடைசி ஓட்டம். பறந்தது. எல்லாரையும் தாண்டினான், என்னையும். ஷீலா கைதட்டிக் குதித்தாள். அப்புறம் ஒரு சத்தம். கார் உருண்டு புல்லில் போய் விழுந்தது. தண்டு உடைஞ்சு இன்ஜின் பக்கவாட்டில் ஓட்டை. கோப்பை எனக்கு.

அவன் முகம். ஆசை தீரப் பார்த்தேன்.

உடனே அவள் பக்கம் திரும்பினான். "சனியனே, பழைய எண்ணெய் டின்னையா ஊத்தினே?" எல்லார் முன்னாலயும் ஓர் அறை. கையில் புனலோடு அப்படியே நின்னாள். "ஃபேமிலி மேட்டர் லா" என்று ஒருத்தர் நகர்ந்தார். அந்தக் கையை எனக்குத் தெரியும். வாயைத் திறந்திருக்கலாம். கோப்பையைத் துடைச்சிட்டிருந்தேன்.

செவ்வாய், 17

மேகமூட்டம். தலைவலின்னு லீவ். சாயங்காலம் கதவைத் தட்டினது ஷீலா. என் ஆயர் ஈத்தாம் ஃப்ளாட்டை யாரிடமோ விசாரிச்சு வந்திருக்கிறாள். கன்னம் வீங்கியிருந்தது. அது ஞாயிற்றுக்கிழமை அறை இல்லை, புதுசு.

"அக்கா, நான் புது டின்தான் ஊத்தினேன். அவரு நம்ப மாட்டேங்கிறாரு. எங்கம்மாவையும் சேர்த்துத் திட்டுறாரு. எண்ணெயில தப்பில்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா. இன்ஜின்னா உங்க பேரைத்தான் எப்பவும் சொல்வாரு."

"எப்பவுமா?"

"எப்பவும்க்கா. சாப்பிடும்போதுகூட."

டீ போட்டுக் கொடுத்தேன். பிஸ்கட்டும். "சொல்றேன்" என்றேன். கையைப் பிடிச்சுக்கொண்டு அழுதாள். லிஃப்ட் வரைக்கும் போய் விட்டுட்டு வந்தேன்.

சொல்ல மாட்டேன். எண்ணெயில தப்பில்லைன்னா அவன் யோசனை நீடிலுக்குப் போகும். நீடிலிலிருந்து எனக்கு. நான் இன்னும் அவனையே நினைச்சிட்டிருக்கேன்னு தெரிஞ்சிடும்.

அவள் வாங்கட்டும். நானும் வாங்கினவள்தான்.