இருபத்து நாலு வோல்ட்

புதுச்சத்திரம்
26.8.2024

சாமி மைதிலிக்கு,

அர்த்தநாரி மாமா எழுதுகிறேன். நீயும் என் பையன் ஜெயபிரகாசும் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பிரிந்து பதினோரு மாதம் ஆகிறது. இனி உன்னைச் சாமி என்று கூப்பிடலாமா கூடாதா, தெரியவில்லை. எங்கள் பக்கம் ஆட்டுக்குட்டியைக்கூட அப்படித்தான் கூப்பிடுகிறோம் என்பதால் துணிந்துவிட்டேன்.

போன் செய்திருக்கலாம். செய்தால் எடுப்பதா வேண்டாமா என்று நீ யோசிக்க வேண்டி வரும். கடிதம் என்றால் பிரிக்காமலே ஒரு மூலையில் போட்டு வைக்கலாம். உன் பெங்களூர் விலாசம் வண்டியின் இன்சூரன்ஸ் தாளில் கிடைத்தது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் சிவப்புக் காரை நான் கெடுத்துவிட்டேன். நீ விட்டுப்போன நாளிலிருந்து அது நம் லாரி ஷெட்டில் துணி மூடித்தான் நின்றது. மாதம் ஒரு தரம் ஸ்டார்ட் செய்து வைப்பேன். போன வாரம் பேட்டரி இறங்கிக் கிடந்ததால், லாரியைப் பக்கத்தில் நிறுத்தி ஒயரை மாட்டிச் சாவியைத் திருப்பினேன். லாரிக்கு இரண்டு பேட்டரி, இருபத்து நாலு வோல்ட். உன் வண்டிக்கு ஒன்றே ஒன்று, பன்னிரண்டு. முப்பத்திரண்டு வருடம் லாரியோடு கிடந்த கை, தலையை ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து மாட்டிவிட்டது.

டப் என்று ஒரு சத்தம். இடது சீட்டில் கால் வைக்கிற இடத்துக்கு அடியிலிருந்து புகை. மேலே எழும்புகிற முன்விளக்கு இரண்டில் வலதுகண் எழுந்தது, இடதுகண் பாதியில் நின்றுவிட்டது. ஒரு வாரமாக வண்டி என்னைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே நிற்கிறது. உன் அத்தை வந்து பார்த்துவிட்டு, "வண்டிக்கே உங்களைப் பாத்தா நக்கலா இருக்குதுங்க" என்றாள்.

நான் சரிசெய்து தருகிறேன். திட்ட வேண்டுமானால் திட்டி எழுது.

அர்த்தநாரி

*

பெங்களூர்
7.9.2024

மாமா,

கடிதம் கிடைத்தது. திட்டவில்லை.

முப்பத்து மூன்று வருடப் பழைய வண்டி. புகை வந்த இடத்தில் இருப்பது அதன் கம்ப்யூட்டர் பெட்டி. அது போனால் இன்ஜின் ஒரு முக்குகூட முக்காது. ஜப்பானிலேயே அதை இப்போது செய்வதில்லை. பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள். கையெழுத்து எங்கே வேண்டுமோ சொல்லுங்கள், போட்டு அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு எனக்குப் பழகிவிட்டது.

அத்தையின் முட்டிவலி எப்படி இருக்கிறது?

மைதிலி

*

புதுச்சத்திரம்
22.9.2024

சாமி மைதிலிக்கு,

முட்டிவலி முட்டியில் சுகமாக இருக்கிறது. வலிக்கும் நேரமெல்லாம் அத்தைக்கு என் ஞாபகம் வந்துவிடுகிறது, அதுதான் எனக்கு வலி.

இரும்புக்குப் போடவில்லை. குமாரபாளையத்தில் ஈஸ்வர் என்று ஒருவர் இருக்கிறார். விசைத்தறி மெஷின்களின் கரண்ட் போர்டுகளைப் பிரித்து வைத்தியம் பார்ப்பவர். பெட்டியைக் கழற்றித் துண்டில் சுற்றிப் பிறந்த பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். திறந்து பார்த்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"ஏனுங்க, இதுக்கு எத்தனை வோல்ட்டு குடுத்தீங்க?"

"தெரியாத்தனமா இருபத்து நாலு குடுத்துட்டேனுங்க."

"நல்லவேளை, ஈபி லைன்ல மாட்டாம உட்டீங்க."

நாலைந்து சாமான் மாற்றினால் போதும், ஆனால் ஒரு சில்லு வெந்துவிட்டது, அது இங்கே கிடைக்காது, இதே மாதிரி இன்னொரு பெட்டி கிடைத்தால் பிழைக்கும் என்கிறார். பெட்டியின் முதுகில் இருந்த நம்பரைக் கீழே எழுதியிருக்கிறேன். எட்டா பூஜ்யமா என்று தெரியாத இடத்தில் இரண்டையும் போட்டிருக்கிறேன்.

பஸ்ஸில் வரும்போது ஒரு நினைப்பு. கல்யாணமான மூன்றாம் மாதம் என்னை அந்த வண்டியில் நாமக்கல் கூட்டிப்போனாயே. ரோட்டில் உட்கார்ந்து போகிற மாதிரிதான் இருந்தது. பக்கத்தில் போன டவுன் பஸ்ஸின் சக்கரம் என் காதுக்கு நேராகச் சுற்றியது. காலமெல்லாம் மேலே இருந்து கார்களைப் பார்த்தவனுக்கு, லாரிக்காரனைக் கண்டு கார்க்காரன் ஏன் பயப்படுகிறான் என்பது அறுபது வயதில்தான் புரிந்தது. டீக்கடையில் இறங்க முடியாமல் வேட்டி கதவில் மாட்டி, இரண்டு பேர் என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். "ஏனுங்க, லோடு எறக்கக் கூலி குடுங்க" என்று ஒருவன் கேட்க, நீ ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாய். அப்படி ஒரு சிரிப்பு நம் வீட்டில் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அர்த்தநாரி

*

பெங்களூர்
14.10.2024

மாமாவுக்கு,

பூஜ்யம் இல்லை, எட்டு.

ஒசாக்காவில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற ஒருவரிடம் பெட்டி இருக்கிறது. இடதுகண்ணுக்கு மோட்டாரும் அவரிடமே சொல்லிவிட்டேன். விலை, லாரிக்கு இரண்டு புது டயர் போடுகிற அளவு. நான்தான் கொடுப்பேன், இதில் பேச்சே வேண்டாம். சாமான் நேராக உங்கள் விலாசத்துக்கு வரும். பொருத்துவதற்கு முன்னால் ஆல்டர்னேட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவும் கெட்டு அளவுக்கு மீறிக் கரண்ட் தந்தால் புதுப் பெட்டியும் புகைந்துவிடும்.

என் முதல் வேலையின் சம்பளத்தைச் சேர்த்துவைத்து, சிங்கப்பூரிலிருந்து திரும்பியவரிடம் வாங்கிய வண்டி அது. பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இரண்டு சீட் வண்டி என்று எங்கள் ஊரில் கேட்காத ஆள் இல்லை. கேட்காமல் ஏறி உட்கார்ந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

ஒன்று மட்டும் புரியவில்லை. மாதாமாதம் ஸ்டார்ட் செய்த வண்டிக்குப் பேட்டரி இறங்கியது எப்படி? சும்மா ஸ்டார்ட் செய்து பார்க்க லாரியைக் கொண்டுவந்து நிறுத்துகிற ஆளா நீங்கள்? சார்ஜ் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிற ஆள். அன்றைக்கு என்ன அவ்வளவு அவசரம்?

மைதிலி

*

புதுச்சத்திரம்
9.11.2024

சாமி மைதிலிக்கு,

உன் கேள்வியைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் திரிந்தேன். பொய் சொன்னால் அதை ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும், அந்தப் படிப்பு எனக்கு இல்லை.

மாதாமாதம் ஸ்டார்ட் செய்தேன் என்பது பொய். நீ போனபிறகு துணியை விலக்கிப் பார்க்கவே மனசு வரவில்லை.

ஜெயபிரகாசுக்கு நாமகிரிப்பேட்டையில் பெண் பார்த்திருக்கிறது. தையில் கல்யாணம். ஆவணி பிறந்ததும் பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அவர்கள் வருகிற நாள் காலைதான் பையன், "அந்தக் காரு நிக்க வேண்டாமுங்கப்பா. கேட்டா என்னன்னு சொல்றது?" என்றான். அவன் கேட்டதிலும் தப்பில்லை. சின்னுசாமியின் கோழிப்பண்ணைக் கொட்டகையில் கொண்டுபோய் மறைத்துவிடலாம் என்று ஓடினேன். அவர்கள் ராசிபுரம் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. பேட்டரியோ சுத்தமாக இறங்கிக் கிடந்தது. அந்த அவசரத்தில்தான் இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து மாட்டினேன்.

கடைசியில் வண்டி நகரவே இல்லை. அவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள். பெண்ணின் சித்தப்பா, "இது யாருதுங்க?" என்றார். "தெரிஞ்சவங்க வண்டிங்க, நிறுத்தி வெக்கச் சொன்னாங்க" என்றேன்.

வண்டியைக் கெடுத்ததைக்கூட உன்னிடம் எழுத முடிந்தது. இதை எழுத முடியவில்லை. ஐந்து வருடம் என் வீட்டில் எங்களோடு ஒரே பழத்தைப் பாதியாகப் பிய்த்துத் தின்ற பிள்ளையைத் தெரிஞ்சவங்க என்று சொல்லிவிட்டேன்.

இதற்குப் பிறகும் அந்தச் சாமானை அனுப்புவாயோ மாட்டாயோ. அனுப்பாவிட்டாலும் நியாயம்.

அர்த்தநாரி

*

புதுச்சத்திரம்
9.1.2025

சாமி மைதிலிக்கு,

டிசம்பரில் ஜப்பானிலிருந்து பெட்டி வந்து சேர்ந்தது. உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. தபால்காரர் என்னைத் தூரத்தில் பார்த்தாலே தலையாட்டிவிட்டுப் போகிறார். நான் அவரை மறிக்கிறதை இந்த வாரம்தான் நிறுத்தினேன்.

ஈஸ்வர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் பொருத்தினார். ஆல்டர்னேட்டரும் கெட்டுத்தான் இருந்தது, அதைச் சேலத்தில் கொடுத்துச் சரிசெய்தோம். நான் ஒயர் பக்கம் போகக் கூடாது என்று அத்தை நாற்காலி போட்டுக் காவல் இருந்தாள். முதல் திருப்பிலேயே வண்டி உறுமியது. இரண்டு கண்ணும் ஒன்றாக எழுந்தன. அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வண்டியை ஈஸ்வரே ஓட்டிக்கொண்டு வந்து உன் வாசலில் நிறுத்துவார். இடது சீட்டில் சாமான் இருக்கும். பித்தளைப் பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, நறுக்கின கரும்பு, ஒரு சேலை. பொங்கல் சீர்.

அத்தை முதலில் கேட்டாள், "மாமனார் ஊட்டுல இருந்து சீர் போறத எங்கீங்க பாத்திருக்கீங்க? அது பொறந்த ஊட்டுல இருந்தல்ல போகோணும்?"

"அதத்தான் அனுப்பறேன்" என்றேன்.

 அவள் பரணில் இருந்த பானையை இறக்கிப் புளி போட்டுத் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள், முட்டிவலியோடு. ஊரில் நாலு பேரிடம் முறை கேட்டிருந்தால் இப்படி ஒன்று இல்லவே இல்லை என்றிருப்பார்கள். அதனால் கேட்கவில்லை.

வாங்கிக்கொள்வதும் திருப்பி அனுப்புவதும் உன் விருப்பம். திருப்புவதானால் சாமானை மட்டும் திருப்பு. வண்டி உன்னுடையது.

அர்த்தநாரி

*

பெங்களூர்
17.1.2025

மாமாவுக்கு,

ஈஸ்வர் அண்ணன் நல்லபடியாக வந்து சேர்ந்தார். அவரைச் சாப்பிட வைத்துத்தான் பஸ் ஏற்றினேன்.

உங்கள் நவம்பர் கடிதத்துக்குப் பதில் எழுத நான்கு முறை உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் கோபமாகத் தொடங்கி, பாதியில் உங்களோடு வழக்கடிப்பது யார் என்று தெரியாமல் நின்றுவிட்டேன். மருமகளாக இருந்தால் ஒரு மாதிரி எழுதலாம். தெரிந்தவளாக இருந்தால் எழுதவே வேண்டாம். கல்யாணத்துக்கு வாழ்த்து எழுத இப்போது முடியவில்லை. அந்தப் பெண்ணின் மேல் எனக்கு ஒன்றும் இல்லை என்று மட்டும் அத்தையிடம் சொல்லுங்கள்.

என் அப்பா போனபிறகு எனக்குச் சீர் என்று ஒன்று வந்ததில்லை. அதனால் எனக்கு முறை தெரியாது என்று நினைத்து ஏமாற்றப் பார்க்காதீர்கள். மஞ்சள் கொத்து ஓசூர் வருவதற்குள் வாடிவிட்டது. வெல்லம் உப்புக் கரிக்கிறது. சேலையை அத்தை எடுக்கவில்லை, நீங்கள்தான் எடுத்திருக்கிறீர்கள், லாரி தார்ப்பாய் நிறத்தில் இருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா பார்த்து, யார் கொண்டுவந்தது என்று கேட்டார்கள், ஆள் கொண்டுவந்தது என்று சொல்ல எனக்குத் தலைகுனிவாக இருந்தது. பொறந்த வீட்டுச் சீரை ஆளிடம் கொடுத்தனுப்புகிற வழக்கம் எங்கேயும் இல்லை.

அடுத்த பொங்கலுக்கு நீங்களும் அத்தையும் நேரில் கொண்டுவர வேண்டும். முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு சாக்குச் சொல்லக் கூடாது.

சேலையைக் கட்டிக்கொண்டுதான் பொங்கல் வைத்தேன்.

மைதிலி