நான்கு கோடி இலக்கத்தின் மீது ஒரு குற்றச்சாட்டு

12 செப்டம்பர் 2025, வெள்ளி

கணினி ஓடுகிறது. பதின்மூன்று கோடிக்கும் அதிகமான இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வரும் எண் பகா எண்ணா என்று சோதிக்கிறது. நான்கு கோடி இலக்கம். கடைசி இலக்கம் ஏழு என்பது மட்டும் எனக்கு இப்போதே தெரியும். மிச்சத்தைப் பற்றிக் கருத்து இல்லை.

சாமுண்டிக்கு உண்டு. நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற மனைவி அபிப்பிராயம் சொல்வதில்லை, தீர்ப்புதான். "தீபாவளிக்குள்ள முடியணும். இதுவும் இல்லன்னா பொட்டி ஹாலை விட்டுப் போயிடணும். இன்னொரு நம்பர்னு ஆரம்பிக்கக் கூடாது."

ஒத்துக்கொண்டேன். இதுவரை சோதித்தவை எல்லாமே பகு எண்கள். இருக்கட்டும். ஓடும்.

20 செப்டம்பர்

கீழ் வீட்டு பாலு: "இன்னா சார், பொட்டி ஓடிகினே கீது? பிட்காயினா?"

"பகா எண்."

"கெடச்சா?"

"கெடச்சுதுன்னு தெரியும்."

"அவ்ளோதானா சார்?"

முகத்தில் உண்மையான இரக்கம். சேலையூர் ஏரிப் பக்கம் காலையில் நடப்பவர்களிடம் எங்கே போய்ச் சேர்ந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

1 அக்டோபர், ஆயுத பூஜை

குளித்துவிட்டு வந்தால் ஹாலில் அமைதி. மிக்சி, ஸ்கூட்டர் சாவி, கணினி — வரிசையாகச் சந்தனம், குங்குமம், பொரி. "இன்னிக்கு எல்லா மிஷினுக்கும் லீவு" என்றாள் சாமுண்டி. பிளக்கைப் பிடுங்கியிருக்கிறாள்!

செய்த கணக்கை அது அவ்வப்போது சேமித்துக்கொள்ளும். பெரிய நஷ்டமில்லை. ஆனாலும்... கேக்காம எப்படிப் புடுங்கலாம்?

3 அக்டோபர்

கணினியின் விசிறிக்குள் பூஜைப் பொரி. சூடேறி, கணக்கில் பிழை. நிரல் தன் பிழையைத் தானே கண்டுபிடித்து, சரியாக இருந்த இடத்துக்குத் திரும்பிப்போய் மறுபடி செய்கிறது. மறைமலை நகர் ஆலையில் இத்தனை வருடம் வேலை பார்த்தேன், இப்படி ஒரு அதிகாரியைப் பார்த்ததில்லை.

பொரியைப் பொறுக்கி எடுத்தேன். நான் விடுவதாக இல்லை.

18 அக்டோபர்

பகு எண்.

18, மாலை

சாமுண்டியிடம் சொன்னேன். பெட்டியைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துவிட்டேன்.

"எதால வகுபடுது?"

"அது தெரியாது. வகுபடும்னு மட்டும் சோதனை சொல்லும்."

"என்னது?"

"காரணி எதுன்னு சொல்லாது. அதைத் தனியாத் தேடணும்."

கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "சாட்சி கெடையாது, ஆள் பேர் கெடையாது, ஆனா குத்தவாளின்னு தீர்ப்பு. நீங்களும் சரின்னு ஸ்க்ரூ டிரைவரத் தூக்கினு வந்துட்டீங்க!"

"கணக்கு சரிதான் சாமுண்டி."

"சரியா இருக்கட்டும். எதாலன்னு காட்டச் சொல்லுங்க. எவ்ளோ நாள் ஆகும்?"

"கிடைக்காமலே போகலாம்."

"சிவில் கேஸ் பாத்தவ நான்."

20 அக்டோபர், தீபாவளி

என் தங்கை ஜெயஸ்ரீ குடும்பத்தோடு வந்திருந்தாள். ஹாலில் உட்கார இடமில்லை. "அண்ணி, இந்தப் பொட்டிய நகத்தக் கூடாதா?"

"கை வெக்காத" என்றாள் சாமுண்டி. "தேடிக்கிட்டு இருக்கு."