நான்கு விநாடி தாமதமாக வந்த உன் குரல்

என் அருமைக் காதர்,

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. சேக்காடு குடியிருப்போர் சங்க மலரில் உன்னைப் பற்றி எழுதச் சொன்னார்கள். உன்னைப் பற்றி எழுத வரவில்லை, உனக்கு எழுதத்தான் வருகிறது. வழக்கம்போல முதலில் வரிசை போட்டுக்கொள்கிறேன். சிரிக்காதே.

1. உன் வீட்டுச் செய்தி.
2. பீட்டா கம்பைலரை அன்று நான் வேண்டாம் என்ற காரணம்.
3. பிழை அந்தக் கம்பைலருடையது. ஆகவே நான் தடுத்தது சரி.
4. செல்வத்துக்கு இப்போது என்ன செய்வது.

உன் வீட்டுக்காரி நூர்ஜஹான் நலம். பூந்தமல்லியில் உன் அக்கா வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தாள். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் காலையில் நான் மட்டும் நடக்கிறேன். நீ நின்று யாரிடமாவது வம்பளக்கும் இடம் வந்தால் கால் தானாக நிற்கிறது. சற்று நின்றுவிட்டு மறுபடி நடக்கிறேன்.

இனி வருவது உனக்குத் தெரிந்ததுதான். மலரைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்டையில் அறுவை செய்து குரல்வளையை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும், நீ அழவில்லை. "அப்போ இருக்கற குரல புடிச்சு வெச்சிக்கலாம் வரது" என்றாய். ஆவடி ஆலையின் கணினிப் பிரிவில் சேர்ந்து வேலை பார்த்த இரண்டு ஓய்வுபெற்ற கிழவர்கள், உன் குரலில் அறுபது வாக்கியங்களைப் பதிவு செய்தோம். உள்ளங்கை அளவுக் கருவி. திரையில் வாக்கியத்துக்கு ஒரு பொத்தான், அழுத்தினால் நீ பேசுவாய். அதை இயக்கும் நிரலில் பாதி உன்னுடையது, பாதி என்னுடையது.

குறை ஒன்றுதான். அழுத்தி நான்கு விநாடி கழித்தே குரல் வரும். மற்றவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். நீயோ அடுத்தவர் வாக்கியம் முடிவதற்குள் குறுக்கே விழுந்து கிண்டல் செய்கிறவன். நீ பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பாய். பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். அப்புறம் உன் நக்கல் வரும். யாரும் சிரிக்க மாட்டார்கள். நான் மட்டும் சிரிப்பேன், வேண்டுமென்றே. அது உனக்குத் தெரிந்திருந்ததா?

நாம் எழுதுவதை எந்திரத்தின் மொழிக்கு மாற்றித் தருவது கம்பைலர். அதன் அடுத்த பதிப்பு முழுதாக வெளிவரும் முன்பே, விருப்பமுள்ளவர்கள் சோதித்துப் பார்க்கட்டும் என்று பீட்டாவாக வெளியிட்டிருந்தார்கள். அதில் நிரலை மாற்றினால் நம் கருவி உடனே பேசும் என்று நீ கண்டுபிடித்தாய். உன் வீட்டுக் கூடத்தில் சோதித்தோம். குரல் சட்டென்று வந்தது. ஆனால் நான் "வலிக்குது" பொத்தானை அழுத்தினேன், கருவி "டீ சொல்லுப்பா" என்றது.

நீ சத்தமில்லாமல் தோள் குலுங்கச் சிரித்தாய். எழுதிக் காட்ட வைத்திருந்த பலகையை எடுத்து, "வலிச்சா டீ வாணாமா?" என்று எழுதிக் காட்டினாய். அதை அழித்துவிட்டு, "தப்பு நம்மளுதா இருக்கும். பாரு" என்று எழுதினாய்.

நான் பார்க்கவில்லை. பழைய கம்பைலரில் ஒழுங்காக ஓடும் நிரலில் என்ன தப்பு இருக்க முடியும் என்றேன். நீ வலியில் இருக்கும்போது கருவி வேறு எதையாவது சொன்னால் என்ன ஆகும் என்றேன். முழு வெளியீடு வரட்டும், அதுவரை பழையதே இருக்கட்டும் என்றேன். எந்த மாற்றத்துக்கும் இருவர் கையெழுத்து வேண்டும் என்பது ஆலையில் நாம் பழகிய முறை. குறிப்பேட்டில் உன் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் இடத்தை வெறுமையாக விட்டேன். நீ வாதாடவில்லை. "சரி அண்ணாத்தே, பயந்துகினே இரு" என்று எழுதிப் பலகையைக் கவிழ்த்து வைத்தாய்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தாய். முழு வெளியீடு இன்றுவரை வரவில்லை.

இப்போது செல்வம். ஆவடி ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். உனக்கு வந்த அதே நோய், அடுத்த வாரம் அதே அறுவை. நூர்ஜஹான் சொல்லி என்னைத் தேடி வந்தார். அவர் குரலைப் பதிவு செய்துகொண்டு, உன் கருவியின் தாமதத்தையும் காட்டினேன். அவரே ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

"பெரியவரே, 'ஓரம் போப்பா'ன்றத நாலு செகண்டு கழிச்சு சொன்னா, அவன் ஆஸ்பத்திரிலதான் கேப்பான்" என்றார்.

உடனே வரும் குரல் அவருடைய பிழைப்பு. பீட்டாவின் புதிய பதிப்பை இறக்கி மறுபடி சோதித்தேன். மறுபடி வலிக்கு டீ. பார்த்தாயா, கம்பைலர்தான் என்று ஒரு அற்பத் திருப்தி. அந்தத் திருப்தியோடுதான் மேலே உள்ள வரிசையை எழுதினேன்.

சரி, கம்பைலரை எழுதியவர்களுக்குப் புகாராவது அனுப்புவோம் என்று தோன்றியது. அன்றைக்கே அனுப்பியிருக்கலாம். அவ்வளவு பெரிய மனிதர்களுக்கு ஆவடியிலிருந்து நான் எழுதுவதா என்று கூச்சம். புகார் எழுதினால் முழு நிரலையும் அனுப்பக் கூடாது, பிழை தெரிகிற மிகச்சிறிய துண்டை மட்டுமே அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் விதி. வரி வரியாக வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். உன் பகுதி முழுதும் போனது, பிழை இருந்தது. கடைசியில் பதினொரு வரி மிஞ்சியது. பதினொன்றும் நான் எழுதியவை.

எத்தனையாவது வாக்கியத்தைப் பேச வேண்டும் என்று எண்ணும் இடத்துக்கு நான் தொடக்க மதிப்பே கொடுக்கவில்லை, காதர். பழைய கம்பைலரில் அந்த இடம் தற்செயலாகப் பூஜ்யமாக இருந்து என்னைக் காப்பாற்றியிருக்கிறது. பீட்டா காப்பாற்றவில்லை. ஒரு பூஜ்யம் போட்டேன். ஒவ்வொரு பொத்தானையும் நூறு முறை அழுத்தினேன். வலிக்கு வலி, டீக்கு டீ.

நேற்றுக் காலை உன் கருவியில் அதை ஏற்றி எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். நடந்ததை எல்லாம் நூர்ஜஹானிடம் சொல்லி மன்னிப்புக் கேட்பதற்காக வார்த்தைகளை எழுதியே வைத்திருந்தேன். கம்பைலர் என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்தேன். அவள் பாதியில் கையை நீட்டி ஒரு பொத்தானை அழுத்தினாள்.

"போதும் வரது, விஷயத்துக்கு வா" என்றாய் நீ. உடனே. என் வாக்கியத்தின் நடுவில்.

நான் வாயை மூடிக்கொண்டேன், முப்பது வருடப் பழக்கம். நூர்ஜஹான் கருவியை மடியில் வைத்துக்கொண்டாள். "இதாண்ணே அவரு. இப்டிதான் குறுக்கப் பேசுவாரு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அப்பவே இப்டி இருந்திருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல், டீ போட உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை.

அந்த ஐந்து மாதத்தில் நீ சொல்ல வந்து நேரம் தவறிப்போன கிண்டல்கள் எத்தனை? அவள் சிரித்திருக்க வேண்டியவை?

செல்வத்தின் கருவிக்கு பீட்டாவையே எடுத்துக்கொள்கிறேன். குறிப்பேட்டில் அன்று விட்ட வெற்றிடத்தில், உன் கையெழுத்துக்குப் பக்கத்தில், இன்று நான் கையெழுத்திட்டேன். தேதியும் போட்டேன், தாமதம் தெரியட்டும் என்று.

ஆலையில் தவறான குறிப்பை அழிக்கக் கூடாது. படிக்கத் தெரியும்படி ஒற்றைக் கோடு கிழித்து, பக்கத்தில் பெயர் போட வேண்டும். மலரில் அச்சிடுகிறவர்கள் அப்படிக் கோடு கிழிக்க முடியாது என்கிறார்கள். அதனால் எழுத்திலேயே சொல்கிறேன்: மேலே மூன்றாவதாக நான் எழுதியது தவறு. பிழை என்னுடையது. நீ "பாரு" என்றாய், நான் பார்க்கவில்லை.

செல்வம் உடம்பு தேறி ஸ்டேஷனுக்கு வண்டி எடுக்கும் முதல் நாள், நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். வண்டியில் ஏற எனக்கு எவ்வளவு பயம் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் போவேன். "ஓரம் போப்பா" நேரத்துக்கு வருகிறதா என்று கேட்டுவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

பயந்துகொண்டே இருக்கும் உன் அண்ணாத்தே,
வரதராஜன்