தகடு எண் பதினேழு

செக்காலை, காரைக்குடி

அன்புள்ள அந்தோணி அண்ணனுக்கு,

ராபியா எழுதுகிறேன். ஜெர்மனியில் நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க இறைவனிடம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே சுகம் என்று எழுத முடியவில்லை. உங்கள் சிநேகிதர், என் வீட்டுக்காரர் இனாமுல் ஹசன் மௌத்தாகி இன்றோடு நாற்பத்து மூன்று நாள். நெஞ்சுவலி வந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒன்பது வருடமாக உங்கள் இருவருக்கும் பேச்சு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

மாமி சரியாகச் சாப்பிடுவதில்லை. மகள் ஃபாயிஸாவுக்கு எட்டு வயது முடிந்துவிட்டது. வாப்பாவின் மைக்ராஸ்கோப்பை யாரும் தொடக் கூடாதென்று துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள். நான் நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருப்பதால் வாசல் தாண்ட முடியாது. தம்பி ரிஸ்வான்தான் இந்தப் பார்சலை அனுப்புகிறான். உள்ளே இருப்பது என்னவென்று அவனுக்குத் தெரியாது.

நீங்கள் பார்த்ததும் கண்டுகொண்டிருப்பீர்கள். பழனி மலையில் நீங்கள் இருவரும் சேர்ந்து உடைத்த கல்லின் பதினேழாம் எண் தகடு.

அண்ணன், அதை அவர் தொலைக்கவில்லை. நீங்களும் எடுக்கவில்லை. நான் ஒளித்து வைத்தேன்.

அதை முதன்முதலில் பார்த்த அன்று அவர் என்னையும் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் காட்டினார். முடியைவிட மெல்லிசாக அரைத்துக் கண்ணாடியில் ஒட்டிய கல். நடுவில் வெளிறிய சிவப்பில் ஒரு கார்னெட். அதன் ஓரமெல்லாம் அரித்துப்போய், விரல் விரலாக வேறு கனிமங்கள். "இது பின்னாடி நடந்தது. ஆழத்துல கெடந்த கல்லு மேல வரும்போது அழுத்தம் கொறஞ்சு கார்னெட் இப்படி ஒடஞ்சிருச்சு" என்றார். பிறகு கார்னெட்டுக்குள்ளே இருந்த ஒரு நீலத் துணுக்கைக் காட்டினார். சஃபிரீன் என்று பெயர் சொன்னார். அதை ஒட்டியே, இடையில் எதுவும் இல்லாமல், குவார்ட்ஸ். "இது ரெண்டும் இப்படித் தொட்டுக்கிட்டு இருக்கணும்னா ஆயிரம் டிகிரி சூடு வேணும் ராபியா. மத்த எடத்துல எல்லாம் சூடு ஆறும்போது நடுவுல வேற கனிமம் வளந்து பிரிச்சிருச்சு. இங்க மட்டும் கார்னெட் பொத்தி வச்சிருக்கு." அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

உங்கள் பேராசிரியர் அந்தத் தகட்டை நேரில் பார்த்தால் மூன்று வருடத்துக்கு அவரை அங்கே அழைத்துக்கொள்வார் என்று நீங்கள் சொன்னீர்கள். எனக்கு அப்போது மூன்றாம் மாதம். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போனது உங்களுக்குத் தெரியும். போகாதீர்கள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு காலையில் அவர் குளிக்கப் போனபோது தகட்டை எடுத்து என் நிக்காஹ் சேலையின் மடிப்புக்குள் வைத்தேன். பிள்ளை பிறந்ததும் எங்கோ கிடைத்ததாகக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

நீங்கள் ஊருக்கு வந்து மற்றத் தகடுகளை வாங்கிப்போன வாரம் அது. அவருக்குச் சந்தேகம் உங்கள் மேல் திரும்பியது. மிச்சக் கல்லை ஏற்கெனவே சோதனைக்காகப் பொடியாக்கிவிட்டீர்கள். கல் எடுத்த இடத்தையும் சாலையை அகலமாக்கியபோது சுவர் கட்டி மூடிவிட்டார்கள். அவரிடம் இருந்தது போனில் எடுத்த மங்கலான ஒரு படம்தான். "ஒத்தையாப் பேரு வாங்கணும்னுதானடா எடுத்துக்கிட்டுப் போன?" என்று அவர் உங்களிடம் போனில் கத்தியபோது நான் அடுப்படியில் இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தேன். நாலு எட்டு வைத்தால் அவர் முன்னால் போய் நின்றிருக்கலாம். போகவில்லை. மறுநாள் நீங்கள் என்னைக் கூப்பிட்டு, "தங்கச்சி, நீயாவது என்னைய நம்புறியா?" என்று கேட்டீர்கள். நான் போனை வைத்துவிட்டேன்.

பிள்ளை பிறந்தாள். அதற்குள் நீங்கள் இருவரும் பேசவே முடியாத அளவுக்குப் பேசி முடித்திருந்தீர்கள். இனிச் சொன்னால் அவர் என் முகத்தில் விழிக்க மாட்டார் என்று பயந்தேன். அடுத்த வருடம் அந்தப் பயம் இன்னும் கூடியது. உங்கள் கட்டுரை வந்தபோது அதில் கல் மேலே வந்த கதை மட்டும் இருந்தது; அதற்கு முந்தின ஆயிரம் டிகிரி சூட்டின் கதை இல்லை. அவர் படித்துவிட்டு, "முன்பாதி இல்ல" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு அவர் மலைக்குப் போகவில்லை. கல்லூரிக்குப் போவார், பாடம் நடத்துவார், வீட்டுக்கு வருவார்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தோணி எடுத்திருக்க மாட்டான் ராபியா. நாந்தான் எங்கிட்டோ போட்டுத் தொலைச்சிருப்பேன். வீட்டுக்குப் போனதும் அவனுக்குப் போன் போட்டுக் குடு, மன்னிப்புக் கேக்கணும்" என்றார். "ரொம்பப் பேசாதீக மச்சான்" என்று சொன்னேன். அவர் மனம் அதிரக் கூடாது என்று டாக்டர் சொன்னதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். அது சாக்குதான் அண்ணன். எனக்குப் பயம். மறுநாள் அதிகாலை பஜ்ர் பாங்கு சொல்லும்போது போய்விட்டார்.

இந்தத் தகட்டை உங்கள் பேராசிரியரிடம் காட்டுங்கள். அந்த முன்பாதியை மச்சான் பெயரைப் போட்டு எழுதுங்கள். இத்தனை வருடம் எங்கே இருந்தது என்று யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தால் ரிஸ்வான் உங்களை அவரை அடக்கிய கபரஸ்தானுக்கு அழைத்துப் போவான். தான் தொலைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டே அவர் போய்விட்டார். பக்கத்தில் நின்று, நீ தொலைக்கவில்லை என்று ஒரு வார்த்தை அவரிடம் சொல்லுங்கள். உங்களைப் பேசிய பேச்சுக்கெல்லாம் அவரை மன்னித்துவிடுங்கள். அவரை மட்டும் மன்னித்தால் போதும்.

இப்படிக்கு,
ராபியா