சலவை அறையில் வெந்த பன்றித்தலை

ப்ராக்,
21 டிசம்பர் 1976

அன்புள்ள லிபுஷாவுக்கு,

இங்கே எட்டாவது மாடியில் நான் உயிரோடு இருக்கிறேன். அங்கே நீயும் உன் அம்மாவும் சளி, இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்ப் பதினாறு நாள் ஆகிறது. ஒரு வரி எழுதவில்லை. கோபம் உனக்கு மட்டும்தான் வருமா?

லிஃப்ட் மறுபடியும் ரிப்பேர். நேற்றுப் படியில் நாலாவது மாடிக்காரருக்கு வணக்கம் சொன்னேன். “உங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்கிறார். என்ன ஊரோ, என்ன ஜனமோ!

நான் என்ன கொலையா செய்தேன்? அண்ணன் ஊரிலிருந்து அரைப் பன்றியைத் தலையோடு கொண்டுவந்தான். அதன் தலையை வேகவைக்க இந்தக் கட்டடத்தில் சலவை அறைக் கொப்பரையை விட்டால் வேறு என்ன இருக்கிறது? கழுவித்தான் வைத்தேன். மறுநாள் அங்கே துவைக்க ஹுபாச்கோவா அம்மாளின் முறை. அவள் வெளுத்த படுக்கை விரிப்பிலெல்லாம் பூண்டு வாசனை அடித்தால் அதற்கு நானா பொறுப்பு? சரி, நான்தான். ஆனால் பன்றி அடித்தால் அக்கம்பக்கத்துக்கெல்லாம் சூப் கொடுப்பதுதானே நம் ஊர் வழக்கம்? இருபத்துநாலு கதவைத் தட்டினேன். நாலுதான் திறந்தது.

குடியிருப்போர் கூட்டத்தில் அந்த அம்மாள், “ஏன் சார், இது சலவை அறையா, கசாப்புக் கடையா?” என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். நீ என் சட்டையை இழுத்து, “மன்னிப்புக் கேட்டுத் தொலைங்களேன்” என்றாய். “சூப் குடுத்ததுக்கு எவனாவது மன்னிப்புக் கேப்பானா?” என்று உன்மேல் கத்தினேன். காலையில், “எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் இந்த லிஃப்டுல நிக்கிறது?” என்று சொல்லிப் போய்விட்டாய்.

சனிக்கிழமை நானே அந்த விரிப்புகளைக் கேட்டு வாங்கி, நம் குளியல் தொட்டியில் மூன்று தண்ணீர் அலசினேன். இஸ்திரி போட்டதில் ஒன்று கருகிவிட்டது. பதிலுக்கு நீ பூவேலை செய்ததைக் கொடுத்துவிட்டேன், திட்டாதே. மன்னிப்பும் கேட்டேன். விரிப்பை வாங்கி முகர்ந்து பார்த்தாள், லிபுஷா! எனக்கு ரத்தம் கொதித்தது. பிறகு, “சூப்பு நல்லாத்தான் இருந்துச்சு. உங்க வீட்டம்மா எப்ப வருவாங்க?” என்றாள். உன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன்.

இவர்களைப்போல நானும் கிறிஸ்துமஸுக்குக் உயிரோடு ஒரு கெண்டை மீன் வாங்கிக் குளியல் தொட்டியில் விட்டிருக்கிறேன். நேற்றிலிருந்து குளிக்கவில்லை. ஊரில் பன்றி வெட்டிய எனக்கு இதை வெட்டக் கை வரவில்லை. நாள் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறது.

இருபத்துநாலாம் தேதி மதிய ரயிலுக்கு ஸ்டேஷனில் நிற்பேன். அதில் நீ இல்லையென்றால் அடுத்ததற்கும் நிற்பேன். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு, வழிதவறி வரும் விருந்தாளிக்கென்று ஒரு தட்டு கூடுதலாக வைப்போமே, இந்த வருடம் அதை வைக்கப்போவதில்லை. உன் தட்டை மட்டும் வைத்திருக்கிறேன். அதில் வேறு யாரும் சாப்பிட எனக்குப் பிடிக்காது.

உன்மேல் இன்னும் கோபம் தீராத,
யாரோமிர்