நீல மெழுகு

8 நவம்பர் 2012, வியாழன். திண்டிவனம்.

ஏழு மணிக்கு வழக்கம்போல் கரண்ட் போயிற்று. ஸ்டெல்லா தானே வார்த்த மெழுகுவத்தியை ஏற்றிவைத்துச் சோறு போட்டாள். சிக்கனத்தில் இறங்கிய நாளிலிருந்து என் மனைவி எதையும் வீசுவதில்லை. தேய்ந்த சோப்புத் துண்டுகளைக்கூட ஒட்டி ஒன்றாக்கிவிடுகிறாள். நான் இடத்தைவிட்டு எழுந்தால் போதும், ஃபேனை நிறுத்திவிடுவாள். கெட்டிக்காரி என்று ஆபீசில் பெருமை பேசிக்கொண்டிருந்தவன் நான்தான்.

வத்தி பாதி எரிந்ததும் வெள்ளை மெழுகுக்குள்ளிருந்து நீலம் தெரிந்தது. பிசைந்த கை அப்படியே நின்றுவிட்டது. போன வாரம் கல்லறைத் திருநாளன்று மகன் அருளின் கல்லறையில் நான் நீல வத்திதான் ஏற்றினேன். அவனுக்குச் சட்டையிலிருந்து பென்சில்வரை எல்லாம் நீலத்தில்தான் வேண்டும்.

“மெழுகு ஏது?” என்றேன்.

“கல்லறைத் தோட்டத்துல எடுத்துக்கினு வந்தேங்க. காத்துல அணைஞ்சி வீணா கெடந்துது.”

“புள்ளையோடதையுமா எடுத்த?”

“இருட்டிப்போச்சி. உருக்கி ஊத்தும்போதும் கரண்ட் இல்ல. எது யாருதுன்னு பாக்கல.”

சொல்லிவிட்டு அவளும் சுடரைப் பார்த்தாள். சோறு தட்டிலேயே காய்ந்தது.

கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றத் தொடங்கியதும் சுடர் படபடத்தது. பழக்கத்தில் ஊதப் போனேன். அவள் ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினாள்.

“அணைக்காதீங்க. இருட்டுன்னா அவன் பயப்படுவான்.”

கொசு பிடுங்குகிறது. இருவரும் படுக்கவில்லை. நீலம் இன்னும் ஒரு விரற்கடை இருக்கிறது.